அதான் வந்துடுச்சே, இனிமே விட்டு என்ன சார் ஆகப்போகுது?

வாய்ப்புற்று, தொண்டைப்புற்று என்று உறுதியாகி சிகிச்சையில் இருப்பவர்களிடம் "பீடியை விட்டாச்சா? பாக்கு போடுறதை நிறுத்தியாச்சா?" என்று கேட்டால் அடிக்கடி வரும் பதில்தான் மேலே இருப்பது. அரசு மருத்துவமனை ஓபியில் உட்காரும் எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். புகையிலையால் வரவேண்டியது வந்தாச்சு. இனி அதை அழிக்க வேண்டியது கத்தியோட வேலை, கரண்டோட வேலை, மருந்தோட வேலை. நடுவுல நான் ரெண்டு பீடி குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன?

இந்த நியாயத்துக்குள் ஒரு தப்புக் கணக்கு ஒளிந்திருக்கிறது. கேன்சர் என்றால் கேன்சர் செல்கள் மட்டும்தான், சிகிச்சை என்றால் அந்த செல்களுக்கும் மருந்துக்கும் நடக்கிற நேரடிச் சண்டை என்கிற கணக்கு. நிஜத்தில் அந்தச் சண்டை நடக்கும் இடம், அதாவது கட்டியின் அக்கம்பக்கம், யார் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்து முடிவே மாறும். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயைக் கையில் எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முன்னாடியே சொல்லிடுறேன். நான் எம்பிபிஎஸ் படித்த அரசு மருத்துவர். புற்றுநோய் நிபுணர் கிடையாது. ஆனால் "வாயைத் திறங்க" என்று முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பதும், பெரிய ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர் அடுத்த காய்ச்சலுக்கு வந்து நிற்பதும் எங்களிடம்தான். அந்த இடத்திலிருந்து எழுதுகிறேன்.

1889க்குப் போவோம். லண்டனில் ஸ்டீஃபன் பேஜெட் என்றொரு அறுவை சிகிச்சை மருத்துவர். மார்பகப் புற்றுநோயால் இறந்துபோன 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எண்ணினார். ஈரலுக்குப் பரவியிருந்தது 241 பேருக்கு. மண்ணீரலுக்குப் பரவியிருந்தது வெறும் 17 பேருக்கு.

மண்ணீரலுக்கும் நல்ல தடிமனான ரத்தக்குழாய் போகிறது. ரத்தத்தில் அடித்துவரப்படும் கேன்சர் செல் அங்கேயும்தான் போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு ஏன் அங்கே முளைக்கவில்லை? பேஜெட் சொன்ன விளக்கம் எளிமையானது. செல் என்பது விதை, உறுப்பு என்பது மண். விதை நாலா பக்கமும் சிதறினாலும் ஒத்துக்கிற மண்ணில் விழுந்ததுதான் முளைக்கும். விவசாயம் பார்த்த குடும்பத்தில் பிறந்த யாருக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை. உவர் நிலத்தில் எந்த விதை நெல்லைத் தூவினால் என்ன?

ஆனாலும் அடுத்த பல பத்தாண்டுகள் மருத்துவ உலகம் விதையைத்தான் அதிகம் ஆராய்ந்தது. எந்த ஜீன் கெட்டது, எந்த மருந்து அதைக் கொல்லும் என்று. மண்ணுக்கு மறுபடி கவனம் வந்தது பிற்பாடுதான். இப்போது அதற்கு டியூமர் மைக்ரோ என்விரான்மென்ட் என்று பெயர். நான் அக்கம்பக்கம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

சரி, ஒரு கட்டியை வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் என்ன தெரியும்? முழுக்க கேன்சர் செல்களாக இருக்கும் என்று நினைப்போம். இருக்காது. நார் உண்டாக்கும் செல்கள் இருக்கும். கொலாஜன் நார்கள் இருக்கும். ரத்தக்குழாய்கள் இருக்கும். நம் எதிர்ப்பு சக்திப் படையைச் சேர்ந்த வெள்ளை அணுக்களே கூட்டம் கூட்டமாக இருக்கும். கணையப் புற்றுநோய் மாதிரி சில வகைகளில் கட்டியின் பெரும்பகுதி இந்த மற்றவர்கள்தான், கேன்சர் செல்கள் அங்கே சிறுபான்மை.

இந்த மற்றவர்கள் எல்லாரும் நம்ம ஆளுங்க. நம் உடம்பின் சாதாரண செல்கள். அவர்கள் ஏன் அங்கே நிற்கிறார்கள்?

விரலில் கத்தி பட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் வீங்கும். வெள்ளை அணுக்கள் ஓடிவரும். புது ரத்தக்குழாய்கள் முளைக்கும். நார் செல்கள் வந்து கொலாஜனைப் பின்னி இடைவெளியை அடைக்கும். வேலை முடிந்ததும் எல்லாரும் கலைந்து போவார்கள், தழும்பு மட்டும் மிஞ்சும். 1986ல் ஹெரால்ட் ட்வோராக் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர், கேன்சர் கட்டி என்பது ஆறாத புண் என்று எழுதினார். கேன்சர் செல்கள் "இங்க காயம் பட்டிருக்கு, வாங்க வாங்க" என்று விடாமல் பொய்த் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். உடம்பும் நம்பி ரத்தக்குழாய் போட்டுத் தரும், நார் பின்னித் தரும், ஆள் அனுப்பும். புண் ஆறாது. கூட்டம் கலையாது. காயத்தை ஆற்ற வந்தவர்கள் கட்டிக்கு வேலைக்காரர்களாகி விடுவார்கள்.

இப்ப கரண்ட் விஷயத்துக்கு வருவோம். கதிர்வீச்சு சிகிச்சையை நம்ம ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அதில் கரண்ட் ஷாக் எதுவும் கிடையாது, ஆனால் அந்தப் பெயரை இனி மாற்ற முடியாது, மாற்ற வேண்டியதும் இல்லை.

கதிர்வீச்சு செல்லின் டிஎன்ஏவை உடைக்கிறது. உடைத்த கையோடு அங்கே ஆக்சிஜன் இருந்தால் அந்த உடைசல் நிரந்தரமாகும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் உடைந்ததில் ஒரு பகுதியை செல் ஒட்டவைத்துக் கொள்ளும். ஆக்சிஜன் சுத்தமாக இல்லாத செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை கதிர்வீச்சு தேவைப்படும். அதே செல், அதே மெஷின், அதே டாக்டர். பக்கத்தில் ஆக்சிஜன் இருக்கா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

கட்டிக்குள் ஆக்சிஜன் எப்படி இல்லாமல் போகும்? அங்கே முளைக்கிற ரத்தக்குழாய்கள் ஒழுங்கான குழாய்கள் இல்லை. அவசரத்துக்குப் போட்ட பைப் லைன் மாதிரி கோணல் மாணல், அங்கங்கே ஒழுகல், சில இடத்தில் முட்டுச்சந்து. 1955ல் தாம்லின்சன், கிரே என்ற இருவர் நுரையீரல் கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் அளந்து பார்த்தார்கள். ரத்தக்குழாயிலிருந்து 0.2 மில்லிமீட்டர் தாண்டுவதற்குள்ளேயே செல்கள் செத்துக் கிடந்தன. செத்தது போகட்டும், பிரச்னை அது இல்லை. உயிரோடு இருக்கும் செல்களுக்கும் செத்ததற்கும் நடுவில் மூச்சுத் திணறலோடு தாக்குப்பிடித்துக்கொண்டு ஒரு அடுக்கு இருக்கிறதே, அதுதான் கதிர்வீச்சுக்குத் தப்பிப் பிழைத்து பின்னால் மறுபடி முளைப்பது. (உங்கள் சிகிச்சை ஃபைலில் 66 கிரே, 70 கிரே என்று எழுதியிருப்பார்கள் பாருங்கள். அந்த அலகு இந்த கிரேயின் பெயரால் வந்ததுதான்.)

"ஒரே நாள்ல மொத்தமா வச்சு அனுப்ப வேண்டியதுதானே, ஏன் சார் ஏழு வாரம் அலையவிடறாங்க?" என்று கேட்பவர்களுக்கும் இதில் பாதி பதில் இருக்கிறது. வாய், தொண்டைக் கட்டிகளுக்குப் பொதுவாக வாரம் 5 நாள் வீதம் 33 முதல் 35 முறை வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் உள்ள வெளி அடுக்கு செத்து, மூச்சு முட்டிக்கொண்டிருந்த உள் அடுக்குக்கு ரத்தக்குழாய் கொஞ்சம் எட்டும். அதற்கும் ஆக்சிஜன் கிடைக்கும். அடுத்த முறை அது மாட்டும். வெங்காயம் உரிக்கிற மாதிரி. பக்கத்திலிருக்கும் நல்ல செல்கள் தேறிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது என்பது மீதி பதில்.

இடையில் "பொண்ணுக்கு வளைகாப்பு, பத்து நாள் கழிச்சு வரேன்" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அந்த இடைவெளியில் தப்பிய செல்கள் வேகமாகப் பெருகும். இந்த வகைக் கட்டிகளில் மொத்த சிகிச்சைக் காலம் ஒரு நாள் நீண்டால் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் மேல் குறைவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பத்து நாளுக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். தவிர்க்கவே முடியாமல் ஒரு நாள் விட்டுப்போனால் உடனே அங்கேயே சொல்லுங்கள், ஈடு கட்ட வழி வைத்திருப்பார்கள்.

இனி பீடிக்கு வருகிறேன்.

லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர். வயது ஐம்பதுக்கு மேல். தொண்டையில் கட்டி, தினமும் கரண்ட் வைத்துக்கொண்டிருந்தார். சனி ஞாயிறு ஊருக்கு வருவார். அப்படி வந்தபோது வாய்ப்புண்ணுக்கு மருந்து வாங்க எங்களிடம் வந்தார். சட்டையில் பீடி வாசனை.

"இன்னும் விடலையாண்ணே?"

"முன்ன ரெண்டு கட்டு சார். இப்ப ஒண்ணுதான்." அப்புறம் அந்த வசனம். அதான் வந்துடுச்சே.

கூட நின்ற அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை. சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன முகம்.

நான் அவரிடம் கேட்டேன். "லாரி முழுக்க மணல் லோடு ஏத்திட்டு நிக்குது. அதுல அரிசி மூட்டை ஏத்தச் சொன்னா எங்கண்ணே ஏத்துவீங்க?" சிரித்தார். ரத்தத்தில் ஹீமோகுளோபின்தான் லாரி. அது ஏற்ற வேண்டிய அரிசி ஆக்சிஜன். பீடிப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டும். அது ஏறி உட்கார்ந்த இடத்தில் ஆக்சிஜன் ஏறாது. போதாக்குறைக்கு, மிச்ச இடத்தில் ஏறிய ஆக்சிஜனையும் லேசில் இறக்க விடாது. ஏற்கெனவே ஒழுகல் பைப்பில் தத்தளிக்கும் கட்டிக்கு வரும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனும் குறைகிறது. அந்த நேரத்தில்தான் போய் மெஷினுக்கு அடியில் படுக்கிறோம்.

"அந்த மணல் இறங்க எத்தனை நாள் சார் ஆகும்?"

"நாளெல்லாம் இல்லண்ணே. நாலஞ்சு மணி நேரத்துல பாதி இறங்கிடும். ஒரு நாள்ல பெரும்பாலும் காலி."

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப வியாழக்கிழமை விட்டிருந்தா வெள்ளிக்கிழமை வச்ச கரண்ட் இன்னும் நல்லா வேலை செஞ்சிருக்குமா?"

இவ்வளவு சரியாக அந்த விஷயத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. "வாய்ப்பு அதிகம்ணே. திங்கக்கிழமை வைக்கிறதுக்கு இன்னைக்கு விடலாம்" என்றேன்.

சினிமாவில் வருவது போல அங்கேயே கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகவில்லை. அடுத்த வாரம் வந்து "முடியல சார், கை நடுங்குது" என்றார். வாய் முழுக்கப் புண், நிகோடின் சூயிங்கம் மெல்ல முடியாது. அவருடைய புற்றுநோய் டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு, தோலில் ஒட்டும் பேட்ச் ஆரம்பித்தோம். பீடியை விடுவது மனஉறுதிப் பரீட்சை கிடையாது. அது ஒரு அடிமைத்தனம், அதற்கு மருந்து இருக்கிறது, அதையும் சிகிச்சையின் ஒரு பாகமாகத்தான் நாங்கள் பார்க்க வேண்டும்.

இது என் கற்பனைக் கணக்கு இல்லை. 1993ல் கனடாவில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்த 115 பேரைப் பின்தொடர்ந்து ஒரு ஆய்வு வெளியானது. சிகிச்சையின்போது புகைக்காதவர்களில் 74 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாகக் கரைந்தது. தொடர்ந்து புகைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குத்தான். இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 66 சதவீதம், 39 சதவீதம். புகைப்பதை விடாதவர்களுக்கு வேறு உடல்நலக் குறைகளும் இருந்திருக்கலாம், எல்லா வித்தியாசத்தையும் கார்பன் மோனாக்சைடு தலையில் கட்ட முடியாதுதான். அப்படிக் கழித்துக்கொண்டு பார்த்தாலும், எந்தப் புது ஊசி இவ்வளவு வித்தியாசத்தைக் காட்டினாலும் லட்சக்கணக்கில் விலை வைப்பார்கள். இது சும்மா கிடைக்கிறது.

உடனே சிலருக்குத் தோன்றும். ஆக்சிஜன்தான் பிரச்னை என்றால் ரத்தத்தை ஏற்றிவிட்டால் போச்சே? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ரத்தசோகை உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சு சரியாக வேலை செய்வதில்லை என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆனால் ஹீமோகுளோபினைக் கூட்டும் எரித்ரோபாய்டின் ஊசியைத் தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 351 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். 2003ல் முடிவு வந்தது. ஊசி போட்டவர்களுக்கு ஹீமோகுளோபின் நன்றாக ஏறியது, ஆனால் கட்டி கட்டுப்படுவது இன்னும் மோசமானது. அந்த ஊசி கேன்சர் செல்லுக்கே தெம்பு கொடுத்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அக்கம்பக்கத்தைத் திருத்துவது என்பது நினைத்தபடி திருப்பிவிடுகிற குழாய் இல்லை. அதனால் சிகிச்சையில் இருக்கும்போது இரும்புச்சத்து டானிக்கோ, யாரோ சொன்ன லேகியமோ, உங்கள் டாக்டருக்குத் தெரியாமல் ஆரம்பிக்காதீர்கள்.

ரத்தக்குழாய் விஷயத்திலும் இதே மாதிரி ஒரு பாடம் நடந்தது. 1971ல் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை சிகிச்சை மருத்துவர், கட்டிக்கு ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுத்தால் அது பட்டினியில் சாகும் என்றார். அந்த வழியில் வந்த பெவசிசுமாப் மருந்து 2004ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான கட்டிகளில் அது தனியாகப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை, கீமோவோடு சேர்ந்தபோதுதான் பலன் தந்தது. ரத்தத்தை அடைத்தால் கீமோ எப்படி உள்ளே போகும்? ராகேஷ் ஜெயின், கான்பூர் ஐஐடியில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு அமெரிக்கா போய் கட்டிகளின் ரத்தக்குழாய்களையே ஆராய்ந்தவர், 2001ல் வேறு விளக்கம் சொன்னார். சரியான அளவில் கொடுத்தால் அந்த மருந்து குழாய்களை அழிப்பதைவிட, கோணல் குழாய்களைக் கொஞ்ச காலத்துக்கு ஒழுங்குபடுத்துகிறது. ஒழுகல் நிற்கிறது, மருந்தும் ஆக்சிஜனும் உள்ளே போகின்றன. டாக்டர் பிரச்னையைப் பார்த்த இடத்தில் இன்ஜினியர் பிளம்பிங்கைப் பார்த்திருக்கிறார்.

இந்த இடத்தில் வாட்ஸ்அப் பக்கம் ஒரு எட்டு போய் வர வேண்டும். "கேன்சர் அமிலத்தில்தான் வளரும். காரத்தன்மை உள்ள தண்ணீர் குடித்தால் கேன்சர் செத்துவிடும்." உங்கள் குடும்பக் குழுவிலும் வந்திருக்கும். இதில் முதல் பாதி பொய் இல்லை. கட்டியின் அக்கம்பக்கம் உண்மையிலேயே கொஞ்சம் அமிலம்தான், பிஹெச் ஏழுக்குக் கீழே போகும். கேன்சர் செல்கள் சர்க்கரையை எரிக்கும் விதத்தில் லாக்டிக் அமிலம் வெளியே கொட்டப்படுகிறது, ஒழுகல் குழாய்களால் அது கழுவப்படுவதும் இல்லை. அந்த அமிலம் எதிர்ப்பு செல்களை மந்தமாக்கும் என்பதும் உண்மை. இரண்டாம் பாதிதான் கதை. நீங்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் அது முதலில் இரைப்பையின் அமிலத்தில் விழுகிறது. ரத்தத்தின் பிஹெச் 7.35க்கும் 7.45க்கும் நடுவில் இருக்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகக் காவல் காக்கின்றன. குடிதண்ணீரால் அது மாறினால் அதற்குப் பெயர் மருத்துவம் இல்லை, எமர்ஜென்சி. கட்டி அமிலத்தை உண்டாக்குகிறதே தவிர, உங்கள் சாப்பாட்டு அமிலம் கட்டியை உண்டாக்கவில்லை. அந்த மெஷினுக்குக் கொடுக்கும் பணத்தில் முட்டை, பருப்பு, பால் வாங்கினால் சிகிச்சையை முழுதாகத் தாங்க உடம்பில் சதை இருக்கும்.

அடுத்து, மண்ணே முதலில் கெட்டுப்போகும் கதை. இதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம்.

பாக்கு, மாவா, குட்கா போடும் பையன்கள். தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013ல் தடை வந்தது. கிடைக்கவில்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். இருபது, இருபத்தைந்து வயதில் "காரம் சாப்பிட்டா எரியுது டாக்டர்" என்று வருவார்கள். வாயைத் திறக்கச் சொன்னால் திறக்காது. கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, விரலால் தடவினால் பட்டையாக நார் தட்டுப்படும். பாக்கில் இருக்கும் அரிகோலின் என்ற பொருள், கன்னத்தின் நார் செல்களைத் தூண்டி கொலாஜனைக் கொட்ட வைக்கிறது. மெத்தென்று இருக்க வேண்டிய இடம் தோல் செருப்பு மாதிரி விறைக்கிறது. இதற்கு ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். இன்னும் கேன்சர் இல்லை. ஆனால் மண் தயார். புகையிலையே கலக்காத வெறும் பாக்கும் இதைச் செய்யும், "நான் வெறும் பாக்குதான்" என்பவர்கள் கவனிக்க.

இப்போதே சோதித்துப் பாருங்கள். உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் சேர்த்து செங்குத்தாக வாய்க்குள் விட முடிகிறதா? பாக்குப் பழக்கம் உள்ளவருக்கு அது நுழையவில்லை என்றால் இந்த வாரமே பல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள்.

அந்த நாரைக் கரைத்துவிட்டால் நல்லதுதானே என்று விஞ்ஞானிகளும் யோசித்தார்கள், கணையப் புற்றுநோயில். அங்கே நார் அவ்வளவு இறுக்கம், மருந்தே உள்ளே போவதில்லை. 2014ல் எலிகளில் நார் செல்களைக் குறைத்துப் பார்த்தபோது கட்டி அடங்குவதற்குப் பதிலாக இன்னும் மூர்க்கமாகப் பரவியது. அந்த நார், மருந்தைத் தடுக்கும் சுவராகவும் இருந்தது, கேன்சரை அடைத்து வைத்த வேலியாகவும் இருந்தது. சுவர் எது வேலி எது என்று பிரித்தெடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை.

கடைசியாக எதிர்ப்பு சக்தி. உங்கள் இடது தோளில் ஒரு சின்னத் தழும்பு இருக்கும், பிறந்ததும் போட்ட பிசிஜி தடுப்பூசி. அதே பிசிஜி கிருமியை சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு மருந்தாகப் பையின் உள்ளேயே ஊற்றுகிறார்கள் தெரியுமா? 1976ல் கனடாவில் ஆல்வாரோ மொராலஸ் இதன் பலனை முதலில் வெளியிட்டார். ஆரம்பக் கட்டத்தில், தசைக்குள் இறங்காத கட்டிகளுக்கு, இன்றும் இதுதான் முக்கியமான சிகிச்சை. டிபிக்கான கிருமி ஏன் கேன்சரை விரட்ட வேண்டும்? அது அக்கம்பக்கத்தைக் கலவரப்படுத்துகிறது. தூங்கிக் கிடந்த வெள்ளை அணுக்கள் கிருமியை அடிக்க ஓடிவருகின்றன, வந்த இடத்தில் கேன்சர் செல்லும் மாட்டுகிறது.

வெள்ளை அணுக்கள் ஏன் தூங்குகின்றன? சிலவற்றுக்கு பிரேக் போட்டு வைத்திருக்கிறது கட்டி. அந்த பிரேக்குகளைக் கண்டுபிடித்து விடுவிக்கலாம் என்று காட்டியதற்காகத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தாசுகு ஹோஞ்சோவுக்கும் 2018ல் மருத்துவ நோபல் கிடைத்தது. இம்யூனோதெரபி என்று கேள்விப்படுவது பெரும்பாலும் இந்த மருந்துகளைத்தான். ஆனால் பிரேக்கை எடுத்தால் வண்டி ஓட, முதலில் வண்டி அங்கே நிற்க வேண்டும். கட்டிக்குள் டி செல்களே வராமல் வேலிக்கு வெளியே நின்றால் எந்த பிரேக்கை எடுத்து என்ன பயன்? முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயில், கீமோ கேட்காமல் போன பிறகு இந்த மருந்தைத் தனியாகக் கொடுத்தால் 100ல் 20 பேருக்கும் குறைவாகத்தான் கட்டி சுருங்குகிறது. விலை? நம்மில் பெரும்பாலோர் வீட்டை விற்றாலும் சில மாதங்களுக்குத்தான் வரும்.

இங்கேதான் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை செய்த ஒரு காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். குணப்படுத்த வழியில்லாத நிலையில் இருந்த தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேர். ஒரு பாதிப் பேருக்கு மூன்று மாத்திரைகள். வாரம் ஒருமுறை குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட், அதாவது மூட்டுவாதக்காரர்கள் போடும் அதே மாத்திரை. தினமும் செலிகாக்சிப், அதாவது ஒரு வலி மாத்திரை. கூடவே எர்லோட்டினிப். இதில் எர்லோட்டினிப் விதையைக் குறிவைக்கிறது. மற்ற இரண்டும் இப்படிச் சிறிய அளவில் விடாமல் கொடுக்கும்போது பெரும்பாலும் மண்ணைக் குறிவைக்கின்றன, புது ரத்தக்குழாய் முளைப்பதையும் ஆறாத புண்ணின் அழற்சியையும். இன்னொரு பாதிப் பேருக்கு இந்த மாத்திரைகளோடு நிவோலுமாப் என்ற பிரேக் எடுக்கும் ஊசி. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். இவர்கள் கொடுத்தது மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம். கணக்குப் போட்டால் 18ல் ஒரு பங்கு.

2023ல் வெளியான முடிவு: ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 16.3 சதவீதம், குட்டி ஊசியும் சேர்த்தவர்களில் 43.4 சதவீதம்.

இது குணமாகும் கதை இல்லை, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சராசரி ஆயுள் 6.7 மாதத்திலிருந்து 10.1 மாதமானது. ஆனால் அந்த மூணு நாலு மாதத்தில் என்னென்ன நடக்கும் என்று எங்கள் வார்டில் வந்து நின்றால் தெரியும். மகளின் பரீட்சை முடியும். வெளிநாட்டிலிருக்கும் பையன் வந்து சேர்வான். பணக்கார நாடுகள் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, நம்ம நாட்டு டாக்டர்கள் நம்ம நாட்டு வாய்ப்புற்றுக்கு, நம்ம ஆளுங்க பாக்கெட்டுக்கு ஏற்ற மாதிரி யோசித்திருக்கிறார்கள். எனக்கு இதில் பெருமை உண்டு. மெடிக்கல் ஷாப்பில் செலிகாக்சிப் வாங்கித் தானே போட ஆரம்பித்துவிடாதீர்கள். இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்துவிட்டுத்தான் அதைக் கொடுப்போம். உங்கள் புற்றுநோய் டாக்டரிடம் "எங்களுக்கு இது பொருந்துமா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேளுங்கள்.

சிகிச்சை முடிந்து கட்டி போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள், அதன் பிறகு? 1953ல் டேன்லி ஸ்லாட்டர் என்ற அமெரிக்க மருத்துவர் வாய்ப்புற்றுநோயாளிகள் 783 பேரின் திசுக்களை ஆராய்ந்தபோது, கட்டியைச் சுற்றி கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலும் செல்கள் மாறிப்போயிருப்பதைப் பார்த்தார். இருபது வருடப் புகையிலை கட்டி இருந்த ஒரு இன்ச்சை மட்டும் தொடவில்லை. உதட்டிலிருந்து உணவுக்குழாய், நுரையீரல் வரை மொத்த வயலும் அதே தண்ணீர் பாய்ந்த வயல்தான். அதனால்தான் ஒரு வாய்ப்புற்று குணமானவருக்கு வேறொரு இடத்தில், முதலாவதற்குச் சம்பந்தமே இல்லாத இரண்டாவது புற்று வரும் ஆபத்து வருடங்கள் கழித்தும் இருக்கிறது. பழக்கத்தை விடாதவர்களுக்கு அது இன்னும் அதிகம்.

எனவே "அஞ்சு வருஷம் ஆச்சு, இனி எதுக்கு செக்கப்" என்று நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு வருடம் அவர்கள் சொல்லும் தேதியில் தவறாமல் போங்கள், பிறகு இடைவெளியை அவர்களே கூட்டுவார்கள், வருடம் ஒருமுறை என்பது கடைசி வரை. நடுவில் வாயில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, குரல் மாற்றம், கழுத்தில் நெறி எது வந்தாலும் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வாருங்கள். டார்ச் அடித்துப் பார்க்க எங்களுக்கு இரண்டு நிமிடம் போதும்.

புகையிலையை விடுவதற்கு உதவி வேண்டுமென்றால் தேசிய இலவச எண் 1800-11-2356. தமிழிலும் பேசலாம். பேச வேண்டியவர் கூச்சப்பட்டால் வீட்டில் இருப்பவர்கள் முதலில் போட்டுப் பேசுங்கள்.